அறுபது பேர், முப்பது கேள்விகள்

கிண்டியில் அண்ணா சாலையை ஒட்டியிருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுதோறும் ஆய்வேடுகள் வந்து குவிகின்றன. அவற்றில் எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேட்டைத் தலைப்பை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். ஏதாவது ஒரு நோய், அல்லது ஒரு பழக்கம். அதைப் பற்றிய 'கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் திட்டம்'. அதன் பயனை மதிப்பிடுதல். கடைசியில் 'சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனை ஒன்றில்' என்ற முத்திரை. நோய் மாறும், ஊர் மாறும், மற்றதெல்லாம் அப்படியே. சர்க்கரை நோயாளியின் பாதப் பராமரிப்பு, தாய்ப்பாலூட்டல், மார்பகச் சுயபரிசோதனை, டெங்கு, கை கழுவுதல். உள்ளே போனால் பெரும்பாலும் ஓர் அறுபது பேர் இருப்பார்கள். முப்பது கேள்விகள் கொண்ட வினாத்தாள் இருக்கும். முதல் நாள் கேட்பார்கள், பாடம் நடத்துவார்கள், ஏழாம் நாள் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்பார்கள். மதிப்பெண் கூடியிருக்கும். கூடாமல் போன ஆய்வேடு ஒன்று கண்ணில் படுமா என்று நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதைக் கேலி செய்வது எளிது. மருத்துவர்கள் செய்கிறார்கள், புள்ளியியல் படித்தவர்கள் செய்கிறார்கள், பட்டம் வாங்கிய பிறகு செவிலியர்களே செய்கிறார்கள். கேலியோடு விட்டுவிட முடியாத அளவுக்கு இந்த நடைமுறை பெரியது. தமிழ்நாட்டில் மருத்துவமனைப் படுக்கையருகே நடக்கும் ஆய்வுகளில் எண்ணிக்கையில் பெரும்பங்கு இந்த மாணவிகளுடையதாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஆயிரக்கணக்கான ஆய்வேடுகள் யாரும் இலவசமாகத் திறந்து படிக்கும்படி கிடக்கின்றன. நம் பிற பல்கலைக்கழகங்கள் பல இந்தத் திறந்த மனத்தைக் காட்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நடைமுறை வந்த வழியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி 1871இலேயே தொடங்கிவிட்டது. பட்டப்படிப்பு வருவதற்கு 1946 ஆயிற்று. வேலூரிலும் டெல்லியிலும் ஒரே ஆண்டில் வந்தது. முதுகலை அதற்கும் பிந்தியது. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கான சட்டம் 1987இல் நிறைவேறி, மறு ஆண்டு ஜூலையில் அது செயல்படத் தொடங்கியபோது நர்சிங் படிப்புகள் அதன் குடைக்குள் வந்தன. பிறகு தனியார் நர்சிங் கல்லூரிகள் பெருகின. எம்.எஸ்சி. இரண்டு ஆண்டுப் படிப்பு. ஒரு மாணவிக்கு ஒரு கைடு, ஓர் ஆய்வேடு. அது இல்லாமல் பட்டம் இல்லை.

ஆய்வேட்டின் உள்ளமைப்பும் ஏறக்குறைய சடங்கு போன்றது. இறைவனுக்கு நன்றி, கல்லூரித் தாளாளருக்கு நன்றி, முதல்வருக்கு நன்றி, கைடுக்கு நன்றி. பிறகு நோயின் உலகளாவிய பரவல், இந்தியப் பரவல், தமிழ்நாட்டுப் பரவல். அதன் பின் 'கருத்துச் சட்டகம்' என்று ஓர் அத்தியாயம். இமோஜீன் கிங், எர்னஸ்டீன் வீடன்பாக், நோலா பெண்டர் என்று அமெரிக்க நர்சிங் கோட்பாட்டாளர் ஒருவரின் பெயர், பெட்டிகளும் அம்புக்குறிகளும் கொண்ட ஒரு வரைபடம். கிங்கின் கோட்பாடு செவிலியரும் நோயாளியும் சேர்ந்து ஓர் இலக்கை முடிவு செய்வது பற்றியது. நல்ல கோட்பாடு. ஆனால் அதை மேற்கோள் காட்டும் ஆய்வில் இலக்கை முடிவு செய்தவர் மாணவி மட்டுமே. நோயாளிக்குக் கையெழுத்துப் போடும் வேலைதான். இந்த அத்தியாயத்தை உருவி எடுத்துவிட்டால் பெரும்பாலான ஆய்வேடுகளில் எதுவும் குறையாது.

இனி இதன் நன்மைகள். அவை சிறியவை அல்ல.

முதலாவது, இந்த ஆய்வேடுகள் கை வைக்கும் விஷயங்கள். மகப்பேறு வார்டில் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாய்க் கனக்கும் தாய்க்குக் குளிர்ந்த முட்டைக்கோஸ் இலையை வைத்தால் வலி குறையுமா? டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு மூன்று முறை வருபவருக்கு ஒவ்வொரு முறையும் கையில் தடித்த ஊசி குத்தும்போது வரும் வலியை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பனிக்கட்டியைத் தேய்த்துக் குறைக்க முடியுமா? தூக்கம் வராத முதியவருக்கு வெந்நீரில் கால் வைத்தால் உறக்கம் வருமா? மாதவிடாய் வலிக்கு இஞ்சித் தேநீர், ரத்தசோகைக்கு முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும், அறுவைசிகிச்சைக்கு முன் பயந்து நடுங்கும் குழந்தைக்கு விளையாட்டு, மனநோயாளியைப் பராமரிக்கும் மனைவியின் களைப்பு. பெரிய மருத்துவ இதழ்களும் மருந்து நிறுவனங்களும் இவற்றுக்காகக் காசைக் கொட்டப் போவதில்லை. முட்டைக்கோஸ் இலைக்குக் காப்புரிமை வாங்க முடியாதே. வார்டில் எட்டு மணி நேரம் நிற்பவருக்குத்தான் இந்த வேதனைகள் கண்ணில் படும். மருத்துவர் ரவுண்ட்ஸ் வந்து போகும் சில நிமிடங்களில் நோயாளி தூக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

இரண்டாவது, பயிற்சி. டாக்டர் சொன்னதைச் செய், குறித்து வை என்று பழக்கப்பட்ட ஒரு தொழிலில், ஒரு பெண் தானே ஒரு கேள்வியை எழுப்பி, நெறிமுறைக் குழுவின் முன் நின்று விளக்கி, நோயாளியிடம் ஒப்புதல் கேட்டு, 'வேண்டாம்' என்றால் விலகி, அளந்து, எழுதி முடிப்பது சாதாரணம் அல்ல. இந்த நாட்டில் நோயாளியிடம் ஒப்புதல் கேட்பதே அரிது. தான் இந்த ஆய்விலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், விலகினால் சிகிச்சைக்குக் குறை வராது என்பதைத் தமிழில் எழுதிய தாளில் நோயாளி படிக்கும் இடங்கள் எத்தனை இருக்கும்?

மூன்றாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆய்வேட்டின் பின்னிணைப்பைப் புரட்டினால், நோயாளிக்குக் கற்பிக்கப் பயன்படுத்திய தமிழ்க் கையேடு இருக்கும். இன்சுலின் ஊசியை எங்கே போட வேண்டும், பக்கவாதம் வந்தவரைக் கட்டிலிலிருந்து எப்படித் தூக்கி உட்கார வைப்பது, பெருங்குடல் திறப்பு வைத்தவர் பையை எப்படி மாற்றுவது என்று படங்களோடு எழுதியிருப்பார்கள். சில இடங்களில் நடை பாடநூல் போல விறைத்திருக்கும். சில நன்றாகவே இருக்கும். தமிழ் பண்டிதர் ஒருவர் மொழியைச் சரிபார்த்த சான்றிதழும் கூடவே இருக்கும். எனக்குத் தெரிந்து தமிழில் நோயாளிகளுக்கான சுகாதார எழுத்தின் மிகப் பெரிய தொகுப்பு இதுதான். ஆங்கில ஆய்வேட்டின் வால்பகுதியில் அது கிடக்கிறது. எந்த வார்டுக்கும் திரும்பிப் போவதில்லை. முன்பகுதியை விட்டுவிட்டுப் பின்னிணைப்புகளை மட்டும் யாராவது தொகுத்துச் செப்பனிட்டால் நல்ல நூல்வரிசை ஒன்று கிடைக்கும்.

குறைகளில் முதலில் முறையியலைப் பார்ப்போம். ஒரே குழுவை முன்னும் பின்னும் அளப்பதில் இருக்கும் ஓட்டைகளை டொனால்ட் கேம்பெலும் ஜூலியன் ஸ்டான்லியும் 1963இலேயே வரிசைப்படுத்தி எழுதிவிட்டார்கள். அறுபது ஆண்டுகள் ஆகியும் அதே ஓட்டைகள் வழியாகத்தான் நம் முடிவுகள் வெளிவருகின்றன. பால் கட்டுவதையே எடுத்துக்கொள்வோம். குழந்தை குடிக்கத் தொடங்கியதும் அந்த வீக்கம் சில நாட்களில் தானாகவே வடியக்கூடியது. மூன்று நாள் இலை வைத்துவிட்டு நான்காம் நாள் அளந்தால் குறைந்துதான் இருக்கும். இலை வைக்காத ஒரு குழு பக்கத்தில் இல்லாவிட்டால், குறைத்தது இலையா நாட்களா என்று சொல்ல வழியில்லை. ரத்த அழுத்தமும் அப்படியே. மிக அதிகமாக இருப்பவர்களைத் தேர்ந்தெடுத்து ஒரு வாரம் கழித்து மறுபடி அளந்தால், எதுவும் செய்யாமலேயே சராசரி சற்று இறங்கும். மூச்சுப்பயிற்சிக்கு அந்தப் பெருமையைக் கொடுத்துவிடுகிறோம்.

வினாத்தாள் ஆய்வுகளின் நிலை இன்னும் மோசம். எந்தக் கேள்வியைக் கேட்கப் போகிறார்களோ அதற்கான பதிலைத்தான் பாடமாக நடத்துகிறார்கள். ஏழு நாளில் அதே தாளைத் திரும்பக் கொடுத்தால், வினாத்தாள் முன்கூட்டியே வெளியான பரீட்சை போலத்தான் அது. மதிப்பெண் ஏறுவதில் அதிசயம் என்ன? டி சோதனை போட்டு, பி மதிப்பு 0.001க்குக் கீழே என்று நட்சத்திரக் குறிகள் இட்டுக் காட்டுவார்கள். பாடம் நடத்தினால் பாடம் தெரியும் என்பதற்கு இத்தனை நட்சத்திரங்கள் வேண்டாம்.

கடைசி அட்டவணை கை-வர்க்கச் (chi-square) சோதனை. வயது, கல்வி, மதம், வருமானம், குடும்ப வகை, உணவுப் பழக்கம் என்று பத்து விவரங்களோடு அறிவு மதிப்பெண்ணுக்குத் தொடர்பு உண்டா என்று பார்ப்பார்கள். உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாத இடத்தில் ஒன்றுக்கொன்று சார்பில்லாத பத்து சோதனைகளை 5 சதவீத வரம்பில் செய்தால், குறைந்தது ஒன்றாவது தற்செயலாகப் 'பொருளுடையது' என்று வருவதற்கு 40 சதவீத வாய்ப்பு இருக்கிறது. இதைக் கணக்கிடக் கால்குலேட்டர் போதும். மேலும், அறுபது பேரை நான்கு வயதுப் பிரிவு, மூன்று அறிவு நிலை என்று பன்னிரண்டு கட்டங்களில் பிரித்தால் கட்டத்துக்குச் சராசரி ஐந்து பேர். பல கட்டங்களில் ஒருவரோ இருவரோதான் விழுவார்கள். அந்தச் சோதனை அங்கே செல்லுபடியாகாது. ஆனாலும், அசைவம் சாப்பிடுவோருக்கு ஆஸ்துமா பற்றிய அறிவு அதிகம் என்பது போன்ற ஒரு முடிவு அட்டவணையில் ஏறி, விவாதப் பகுதியில் விளக்கமும் பெற்றுவிடுகிறது.

இவை திருத்தக்கூடிய குறைகள். நல்ல கைடும் நேர்மையான புள்ளியியலாளரும் இருந்தால் ஒரு பருவத்தில் சரியாகிவிடும். உண்மையில் பல மாணவிகள் ஒப்பீட்டுக் குழு வைக்கிறார்கள், சிலர் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவும் செய்கிறார்கள். அதைவிடக் கடினமான குறை, தோற்கக் கூடாது என்ற பயம். பலன் இல்லை என்று முடிந்தால் பரீட்சகர் என்ன சொல்வாரோ என்று மாணவி நடுங்குகிறாள். கிண்டியிலேயே இதற்கு ஒரு மறுமொழி இருக்கிறது. பல்கலைக்கழகத்திலிருந்து அதிக தூரத்தில் இல்லாத பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் 1948இல் தொடங்கப்பட்டது. நாடு முழுக்கக் காசநோய்க்கு எதிராகப் பெரும் நம்பிக்கையோடு அந்த ஊசி போடப்பட்ட காலத்தில், 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கானவர்களைக் கொண்ட ஒரு சோதனை தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்பதே அதன் முடிவு. ஏழரை ஆண்டுக் கண்காணிப்புக்குப் பின் ஆய்வாளர்கள் அதை அப்படியே வெளியிட்டார்கள். உலகம் முழுக்க அதிர்ந்தது. குழந்தைகளுக்கு வரும் கொடிய காசநோய் வகைகளிலிருந்து பாதுகாப்பு உண்டு என்பதால் ஊசி தொடர்ந்தது. ஆனால் அதை நம்பி மட்டும் காசநோயை ஒழித்துவிடலாம் என்ற எண்ணம் போயிற்று. நாங்கள் எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று சொன்ன அந்த அறிக்கை இந்தியப் பொதுச்சுகாதார ஆய்வின் பெருமைகளுள் ஒன்று. ஓர் எம்.எஸ்சி. மாணவிக்கும் அந்த உரிமை வேண்டும்: முட்டைக்கோஸ் இலை வேலை செய்யவில்லை என்று எழுதிப் பட்டம் வாங்கும் உரிமை.

ஆனால் என் முதன்மையான குற்றச்சாட்டு இந்த இரண்டுமே இல்லை. கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது.

'அறிவை மதிப்பிடும்' ஆய்வு சொல்லாமல் சொல்லும் ஒன்று உண்டு: துன்பத்துக்குக் காரணம் அறியாமை. நோயாளிக்குத் தெரியவில்லை, தாய்க்குத் தெரியவில்லை, வார்டு செவிலியருக்குத் தெரியவில்லை, சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும். கை கழுவுவதையே பாருங்கள். பிரசவம் பார்க்கும் முன் கை கழுவினால் தாய் சாவு குறையும் என்று வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் காட்டியது 1847இல். அது தெரியாத செவிலியர் இன்று தமிழ்நாட்டில் இருக்கிறாரா? எப்போதெல்லாம் கழுவ வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன ஐந்து தருணங்களின் படம் வார்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. நாற்பது நோயாளிகளை ஒருவரோ இருவரோ பார்க்கும் இரவுப் பணியில், ஒரு படுக்கைக்கும் அடுத்த படுக்கைக்கும் நடுவே கழுவக் குழாய் எங்கே, நேரம் எங்கே? அந்தச் செவிலியரைக் கூப்பிட்டு உட்கார வைத்து முப்பது கேள்வி கேட்டு, 'மிதமான அறிவு' என்று தரம் பிரித்து, படக்காட்சி காட்டி, ஏழாம் நாள் 'போதிய அறிவு' என்று உயர்த்துகிறோம். எட்டாம் நாள் அவர் அதே நாற்பது பேரிடம் திரும்பிப் போகிறார்.

இந்தத் தொழிலில் எண்ணிக்கையைக் கொண்டு பேசுவது புதிதல்ல. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858இல் லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரானவர். கிரிமியப் போரில் காயத்தைவிட நோயால் செத்த வீரர்களே மிகுதி என்று வரைபடம் போட்டு அரசின் முகத்தில் அடித்தவர். அவர் எண்ணியது சாவுகளை. சுகாதாரம் பற்றி வீரர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று வினாத்தாள் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. குற்றம் சாக்கடையிலும் நெரிசலிலும் நிர்வாகத்திலும் இருந்தது. எண்கள் அங்கே விரல் நீட்டின. அந்த மரபில் வந்த ஆய்வு 2002இல் அமெரிக்காவில் லிண்டா ஐக்கன் குழுவினர் வெளியிட்டது. பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில், ஒரு செவிலியர் பார்க்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடும்போதெல்லாம், அறுவைசிகிச்சை நோயாளி முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று கலிஃபோர்னியா 1999இல் சட்டமியற்றி 2004இல் நடைமுறைப்படுத்தியது. அந்த விவாதத்துக்கே இத்தகைய ஆய்வுகள்தான் வலுச் சேர்த்தன.

நம் ஊரில் 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வெழுதி வேலைக்கு வந்தவர்கள். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். பணி நிரந்தரம் கேட்டார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டது, பணிக்குத் திரும்பினார்கள், வழக்கும் பேச்சும் தொடர்ந்தன. கிண்டியிலிருந்து தேனாம்பேட்டை அதே அண்ணா சாலையில் சில கிலோமீட்டர். தொகுப்பூதியச் செவிலியர் மிகுந்த வார்டுகளில் படுக்கைப்புண் கூடுகிறதா, மருந்து தவறுகிறதா, வேலையை விட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்பது நர்சிங் ஆய்வின் மையக் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். களஞ்சியத்தில் செவிலியரின் மன அழுத்தம் பற்றிய ஆய்வேடுகள் உண்டு. அவற்றில் தரப்படும் தீர்வு பெரும்பாலும் ஜேக்கப்சன் தசைத் தளர்வுப் பயிற்சி, அல்லது யோகா, அல்லது சிரிப்பு சிகிச்சை. அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை விட்டுவிட்டு, வந்த அழுத்தத்தை மூச்சு விட்டுத் தளர்த்திக்கொள்ளச் சொல்கிறோம்.

மாணவிகளைக் குறை சொல்லி இதை முடித்துவிட முடியாது. காரணம் அனுமதிக் கடிதத்தில் இருக்கிறது. ஆய்வுக்கு மருத்துவமனையின் டீனோ கண்காணிப்பாளரோ கையெழுத்திட வேண்டும். 'நோயாளிகளின் அறிவை மதிப்பிடப் போகிறேன்' என்றால் அன்றே கையெழுத்தாகும். அதனால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. 'உங்கள் வார்டில் அறுவைப் புண் சீழ்பிடிக்கும் விகிதத்தைக் கணக்கெடுக்கப் போகிறேன்' என்றால் கோப்பு நகராது. தனியார் மருத்துவமனையில் கேட்கவே வேண்டாம். கையில் இருப்பது சில வார காலம், தன் கைக்காசு, மூன்று நான்கு மாணவிகளை ஒரே நேரத்தில் சுமக்கும் கைடு. 'சாம்பிள் முடிஞ்சுதா?' என்பதே விடுதியில் அன்றாட விசாரிப்பு. இந்த நெருக்கடியில் எந்தக் கேள்வி யாரையும் புண்படுத்தாதோ அது தேர்வாகிறது. தலைப்பில் மருத்துவமனையின் பெயர் கூட வராது, 'தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனை' என்றுதான் வரும். பெயரை மறைப்பதற்கு நெறிமுறைக் காரணம் உண்டு என்பது சரியே. ஆனால் அதனால் ஆய்வின் முடிவுக்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்றும் ஆகிவிட்டது. பட்டம் பெற்றவர் பெரும்பாலும் வார்டுக்குப் போவதில்லை, நர்சிங் கல்லூரியில் ஆசிரியராகிறார். சில ஆண்டுகளில் அவரே கைடு. தனக்குத் தெரிந்த அச்சையே அடுத்தவருக்கும் கொடுக்கிறார்.

வேறு மாதிரிக் கேள்விகள் இந்த ஊரிலேயே கேட்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் ஆற்றாமை. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் எடுத்துக்கொண்ட கேள்வி எளியது: சானடோரியத்தில் சேர்த்து நல்ல உணவும் ஓய்வும் கொடுத்தால்தான் காசநோய் தீருமா, குடிசையில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டால் போதாதா? சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 1959இல் வெளியான முடிவு: இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம். அதைத் தாங்கிப் பிடித்தது முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணி, சிறுநீரில் மருந்து தெரிகிறதா என்று பார்த்த களப்பணியாளர்களின் உழைப்பு. 'உங்களுக்குக் காசநோய் பற்றி என்ன தெரியும்?' என்பதோடு அவர்கள் திரும்பியிருந்தால், சானடோரியக் கட்டில் கிடைக்காத ஏழைகள் இன்னும் வரிசையில் நின்றிருப்பார்கள்.

இந்தக் காலத்து எடுத்துக்காட்டும் உண்டு. 2022இல் தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், சென்னையிலுள்ள ஐ.சி.எம்.ஆர். தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தோடு சேர்ந்து வகுத்தது. நோய் கண்டறிந்தவுடன் சில எளிய விவரங்களைப் பார்க்கச் சொல்கிறது: உடல் நிறை, கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், தானே எழுந்து நிற்க முடிகிறதா. எதுவும் ஆய்வகம் தேவைப்படாத அளவுகள். தராசும் கடிகாரமும் விரலில் மாட்டும் கருவியும் போதும். ஆபத்தானவர்களைப் பிரித்து உடனே உள்நோயாளியாக்கினால் தொடக்க வாரச் சாவுகள் குறையும் என்பது கருதுகோள். இது முழுக்க முழுக்கச் செவிலியின் கண். ஆனால் இந்த வகைக் கேள்வி நர்சிங் கல்லூரியில் பிறக்கவில்லை.

பேறுகாலத்திலும் அதே கதை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவங்கள் நடக்காததற்குப் பெண்களின் அறியாமை ஒரு காரணமாகச் சொல்லப்பட்டு வந்த காலம் ஒன்று இருந்தது. நள்ளிரவில் வலியோடு வந்தால் அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டபோதுதான் விடை கிடைத்தது. சுற்றுமுறைப் பணிக்கு மூன்று செவிலியர்களை நியமித்தார்கள், கதவு இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருந்தது, பெண்கள் வந்தார்கள். ஒவ்வொரு தாய் மரணத்தையும் தணிக்கை செய்யும் முறையும் சேர்ந்துகொண்டது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் தமிழ்நாட்டின் இந்த அனுபவத்தைத் தனி நூலாகவே வெளியிட்டது.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? ஆய்வேட்டை ஒழித்துவிட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை, மேலே சொன்ன பயிற்சியும் போய்விடும். நான் பார்த்தவரை கிண்டிப் பல்கலைக்கழகத்துக்கு வேறெந்தக் கல்லூரிக்கும் இல்லாத ஒரு வசதி உண்டு. மாநிலம் முழுவதும் உள்ள கல்லூரிகள் அதன்கீழ் இருக்கின்றன. நாற்பது மாணவிகள் ஆளுக்கு அறுபது பேரை வைத்து நாற்பது வெவ்வேறு தலைப்புகளில் எழுதினால் நாற்பது வலுவற்ற ஆய்வுகள். அதே நாற்பது பேர் ஒரே கேள்வியை, ஒரே அளவுகோலில், ஒப்பீட்டுக் குழுவோடு எடுத்தால் 2,400 பேர் கொண்ட ஓர் ஆய்வு. முட்டைக்கோஸ் இலை பற்றி உலகில் இன்றும் உறுதியான சான்று போதவில்லை. தமிழ்நாட்டு மகப்பேறு வார்டுகள் அந்த வாதத்தை முடித்துவைக்கலாம். ஒவ்வொரு மாணவிக்கும் தன் மருத்துவமனைப் பகுதியைத் தனியே எழுதிப் பட்டம் பெற வழி வைக்கலாம். 'தனித்த பங்களிப்பு' போய்விடும் என்பது இதற்கு வரும் எதிர்ப்பு. நகல் எடுத்தது போன்ற தலைப்புகளில் இப்போது என்ன தனித்தன்மை வாழ்கிறது என்று தெரியவில்லை. ஆனால் இன்னொரு எதிர்ப்பு நியாயமானது: கேள்வியை மேலிருந்து யாரோ தீர்மானித்துவிட்டால், தானே கேள்வி எழுப்பும் பயிற்சி போய்விடும், மாணவி தரவு சேகரிக்கும் கூலியாகிவிடுவாள். அதனால்தான் எந்தக் கேள்வி என்பதை வார்டிலிருந்து, பணியிலிருக்கும் செவிலியர்களிடமிருந்து திரட்ட வேண்டும்.

ஒரு கேள்வியை நான் முன்வைக்கிறேன். கிண்டியிலுள்ள கிங் ஆய்வக வளாகத்தில் 2023 ஜூனில் ஆயிரம் படுக்கைகளோடு கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை திறக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் அங்கே வந்துவிட்டது. படுத்த படுக்கையான முதியவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று நர்சிங் பாடநூல் சொல்கிறது. படுக்கைப்புண் அபாயத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் பிரேடன் அளவுகோலை 1987இல் வெளியிட்டவர்கள் பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் என்ற இரண்டு செவிலியர்கள். பெர்க்ஸ்ட்ராம் அதோடு நிற்கவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 முதியோர் இல்லங்களில் 942 பேரை வைத்து, இரண்டு மணி, மூன்று மணி, நான்கு மணி இடைவெளிகளை ஒப்பிட்டு 2013இல் வெளியிட்டார். அடர்த்தியான நுரை மெத்தையில் படுத்திருந்தவர்களிடம் மூன்றுக்கும் வேறுபாடில்லை. பாடநூலின் வாக்கை ஒரு செவிலியரே சோதித்து, அது அந்த மெத்தையில் அவ்வளவு இறுக்கமாக இருக்கத் தேவையில்லை என்று காட்டினார். முதியவர்களுக்கு இரவில் கூடுதல் தூக்கம் கிடைக்கலாம், பணியாளர்களுக்கு முதுகுவலி குறையலாம்.

நம் வார்டுகளில் பல இடங்களில் இருப்பது ரெக்சின் உறை போட்ட மெத்தை, சென்னையின் வியர்வை, மெலிந்த உடல்கள், இரவில் திருப்பிவிடுவது செவிலியரோ, கட்டிலின் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் மகளோ. இங்கே எந்த இடைவெளி போதும் என்பதை அமெரிக்க ஆய்வு சொல்ல முடியாது. பத்துக் கல்லூரிகளின் மாணவிகள் சேர்ந்தால் இரண்டு ஆண்டில் விடை காணலாம். அதற்கு பிரேடன் அளவுகோல் வேண்டும், குடும்பத்தாரின் ஒப்புதல் வேண்டும், ஒவ்வொரு இரவும் எத்தனை நோயாளிக்கு எத்தனை செவிலியர் பணியில் இருந்தார்கள் என்ற பதிவேடும் வேண்டும். முதல் இரண்டை மாணவிகளே பார்த்துக்கொள்வார்கள். மூன்றாவதற்குக் கையெழுத்துப் போட எந்த டீன் முன்வருவார் என்று பல்கலைக்கழகம் இப்போதே விசாரிக்கத் தொடங்கலாம்.